அக்கா நேர்ந்துவிட்ட என் தலைமுடி

என் தலைமுடியை என் அக்கா பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துவிட்டுப் பதினைந்து வருடமாகிறது. என்னைக் கேட்டு நேரவில்லை. முருகனும் என் சம்மதம் கேட்டு ஆளனுப்பவில்லை. இரண்டு பெரிய இடங்கள் பேசி முடித்த காரியத்தில் தலைக்குச் சொந்தக்காரன் வாயைத் திறப்பது மரியாதையாக இருக்காது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

நான் தேவகோட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அக்கா சரோஜா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனவள். அவளுடைய ஒரே மகன் தினேஷ் பதினைந்து வயதில் சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்து, மூன்று நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அக்கா மலையேறி முருகனிடம், "என் பிள்ளை கண்ணைத் தொறந்தா என் தம்பி இங்க வந்து, அவனோட தல நெறைய இருக்கிற சுருட்டை முடிய உன் காலடியில எறக்குவான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் பையன் கண்ணைத் திறந்தான். அந்த வாரமே போன் செய்து நல்ல செய்தியைச் சொன்னாள். கூடவே இதையும் சொன்னாள். நான் அப்போது தலை சீவிக்கொண்டிருந்தேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

போவதற்கு வாய்க்கவில்லை. ஒரு வருடம் பாஸ்போர்ட் இல்லை. ஒரு வருடம் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்தான் காலமான வருடம் கோயில் காரியம் கூடாது என்றார்கள். அப்புறம் நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. முடி மட்டும் எதற்கும் காத்திருக்கவில்லை. முதலில் நெற்றி விரிந்தது, பிறகு உச்சி வெளுத்தது, கடைசியில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பிடரியிலும் ஒரு கீற்றாக, தேய்ந்த டயரின் ஓரம் போல நின்றது. இதை அக்காவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வீடியோவில் பேசும்போதெல்லாம் குல்லா போட்டுக்கொண்டேன். "என்னடா, ஊர்ல குளிரா?" என்பாள். சித்திரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "ஆமாக்கா" என்பேன்.

இந்த வருடம் விஷயம் முற்றிவிட்டது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் தினேஷ், ஜெசிந்தா என்ற தமிழ்க் கத்தோலிக்கப் பெண்ணை விரும்பினான். பையன் வேதக்காரப் பெண்ணை விரும்பியதற்குக் காரணம் என்னவென்று அக்கா யோசித்தாள். அவன் வயது முப்பது, பெண் லட்சணமாக இருக்கிறாள், இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குக் காரணமாகப் படவில்லை. என் தலையில் இறக்காமல் நின்ற முடிதான் காரணம். அது இறங்குகிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்றுவிட்டாள். மாதக் கடைசிக்குள் தேவாலயத்தில் நாள் குறிக்க வேண்டும், அம்மா சம்மதிக்காவிட்டால் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஜொகூருக்கு மாற்றல் வாங்கிப் போய்விடுவேன் என்றான் அவன். எனக்கு டிக்கெட் வந்தது.

பினாங்கு விமான நிலையத்தில், குடிநுழைவு மேசையிலிருந்த மலாய்ப் பெண் என் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தாள். அது எட்டு வருடத்துக்கு முந்தைய படம். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். குல்லாவைக் கழற்றும்படி சைகை காட்டினாள். கழற்றினேன். பக்கத்து மேசைக்காரியிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்து, முத்திரை குத்தினார்கள். குல்லாவைத் திரும்பப் போட மறந்து வெளியே வந்தேன்.

அக்கா அறுபது வயதிலும் கொண்டை நிறைய முடியும் அதைச் சுற்றி மல்லிகையுமாக நின்றாள். முப்பத்திரண்டு வருடத்துக்குமுன் போனவள், நடுவில் இரண்டு முறைதான் ஊருக்கு வந்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா?" என்றாள்.

"போயிருச்சுக்கா."

"எப்ப?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் தேதி இல்லை. தினேஷ் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். தோள் குலுங்கியது. "மாமா, எங்க கம்பெனில இந்த மாதிரி பீஸ் வந்தா ரிஜெக்ட்னு ஒதுக்கிருவோம் லா" என்றான். சாமிக்கு முடி எதற்கு, இதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு என்று போனில் எனக்குப் பாடம் நடத்தியவன் அவன். அவன் கார் கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம் தொங்கியது. அது வாசனைக்காக இருக்கும்.

ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடியில் அக்கா வீடு. வேண்டுதல் முடிகிற வரை நான் சைவமாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. சாப்பாட்டுக்காகவே உலகம் விமானம் ஏறி வருகிற ஊருக்கு வந்து, ஐந்து நாள் பருப்பும் கீரையும் தின்ற மனிதன் நான்தான். அந்தத் தெருக்களில் நடப்பதே ஒரு தவம். ஒரு மூலையில் சீனர் இரும்புச் சட்டியில் இறால் போட்டு மீ என்கிற நூடுல்ஸைப் புரட்டுகிறார். அடுத்த மூலையில், சோற்றுக்குப் பேர்போன நாசி கண்டார் கடையில் மீன்தலைக் குழம்பு கொதிக்கிறது. தினேஷ் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக விளக்கிச் சொன்னான். "பாவம் மாமா, நீங்க சாப்பிட முடியாது" என்று ஒவ்வொரு விளக்கத்தையும் முடித்தான். அவனுக்கு நல்ல மனசு.

இரண்டாம் நாள் அக்கா என்னைப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். குருக்கள் நம் பக்கத்துக்காரர்; இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்திருக்கிறார். என் தலையை முன்னும் பின்னும் பார்த்தார். சைக்கிளை விற்க வருகிறவனிடம் நான் பார்க்கிற பார்வை அது.

"பாவனைதாம்மா முக்கியம். இருக்கறத குடுத்தா ஏத்துப்பார்" என்றார்.

"சாமி, நான் சும்மா முடின்னு சொல்லல. தல நெறைய இருக்கிற சுருட்டை முடின்னு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

குருக்கள் மறுபடி என் பிடரியைப் பார்த்தார். "அவ்வளவு விவரமா சொல்லியிருக்கப்படாது" என்றார். சகல சாஸ்திரமும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. இனிமேல் எதையாவது நேர்ந்துகொள்கிறவர்கள் பொத்தாம்பொதுவாக நேர்ந்துகொள்வது நல்லது.

 வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா கூடத்துச் சுவரில் இருந்த அத்தான் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி இடுப்பைத் தாண்டி விழுந்தது; பாதி வெள்ளை, ஆனாலும் கயிறு மாதிரி கனம். தினேஷ் மெதுவாகச் சொன்னான். "அப்பா இருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழமை அவருதான் எண்ண தேச்சு விடுவாரு மாமா. நான் பாசாருக்குப் போயி சாமான் வாங்கிட்டு வந்தாலும் இவங்க ரெண்டு பேரும் எண்ண தேச்சு முடிச்சிருக்க மாட்டாங்க."

மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா சவரிமுத்து என்னைப் பார்க்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பின் தெரியாதவருடன் உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் எனக்கு வாயில் இருப்பது இறங்காது. போனேன். காப்பிக்கடையில் அவர் தலைதான் முதலில் கண்ணில் பட்டது: கருகருவென்று, வாரிவிட்டு, ஒரு பக்கம் அலை போல. கடவுள் தரும்போது இப்படித்தான் யாருக்குத் தேவையில்லையோ அவருக்குத் தருகிறார்.

"ஒக்காருங்கண்ணே. பசியாறியாச்சா? தண்ணி என்ன சொல்லட்டும்?" என்றார். அங்கே தண்ணி என்றால் டீயோ காப்பியோ. ரொட்டி சானாய் வந்தது. எனக்காக மீன் குழம்பை விலக்கிப் பருப்பு மட்டும் ஊற்றச் சொன்னார். ஊரில் நாம் தின்கிற பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் நாகரிகம்.

"நானும் மொட்டைதாண்ணே" என்றார் அவர். புரியாமல் பார்த்தேன். "ஆறு வயசுல எங்கம்மா என்னைக் கப்பல் ஏத்தி வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போயி எறக்கினாங்க. எதுக்குங்கிறீங்க? எங்கக்காவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் அவளுக்கு, மொட்டை எனக்கு."

வந்த மூன்று நாளில் முதல்முறையாக நான் சிரித்தேன். மதம் வேறு என்று யார் சொன்னது? தமிழ் வீட்டில் பெண்கள் வேண்டிக்கொள்ளும்போது எந்தக் கோயிலானாலும் போவது தம்பி தலைதான்.

"எங்க ஃபாதர் சொல்றாரு, கடவுள்கிட்ட பேரம் பேசாதீங்கன்னு. நல்ல பேச்சுதான் லா. ஆனா ஒருத்தி புள்ள ஐசியுல கெடக்கும்போது வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கிறவ பேரம் பேசாம என்ன பேசுவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட சொல்லுங்க. முடிதான் வேணும்னா இந்தா இருக்கு என் தலையில. எம்பொண்ணு ஆறு மாசமா சிரிக்க மாட்டேங்கிறா. சாயம் அடிச்சதுங்கிறத மட்டும் பெரிசா எடுத்துக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "வேதக்காரர் முடிய வாங்கி முருகன் என்ன செய்வாரு?" என்றாள் அக்கா. கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, "சாயம் வேற போட்டிருக்காரு" என்றாள். சாயம் இல்லாதிருந்தால் யோசித்திருப்பாள் போலிருக்கிறது.

நான்காம் நாள் தனியாகப் போய் முருகனை முன்கூட்டியே பார்த்து நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தினேஷ் வேலைக்குப் போன இடத்திலிருந்தே கைப்பேசியில் வாடகைக் காருக்குச் சொன்னான். "வெள்ளைக் காரு மாமா. கீழ வந்து நிக்கும். ஏறி ஒக்காந்துக்கங்க, பேசவே வேணாம்." பேசவே வேண்டாம் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? கீழே வந்தேன். வெள்ளைக் கார் நின்றது. பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஓட்டுநர் வயதான சீனர். கையில் பப்பாளிப் பழத்துடன் வந்து முன்னால் உட்கார்ந்தவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். "தண்ணீர்மலை. முருகன்" என்றேன். "ஓ, முருகன்! ஓகே லா" என்றார். பாதி வழியில் தினேஷ் கூப்பிட்டான். "மாமா எங்க இருக்கீங்க? டிரைவர் கீழ நின்னுக்கிட்டு ஆளக் காணோம்கிறாரு." நான் போனைக் காதிலிருந்து எடுத்து முன்னால் இருந்தவரைப் பார்த்தேன். அவர் பழம் வாங்குவதற்காகக் காரை நிறுத்தியவர்.

போனை அவரிடம் நீட்டினேன். தினேஷும் அவரும் மலாயில் பேசிச் சிரித்தார்கள். அவர் சொன்னதைத் தினேஷ் பிறகு எனக்குத் தமிழில் சொன்னான்: "என் மனைவி வருஷா வருஷம் அங்கே தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கிறாள். வியாபாரம் நன்றாக இருந்தால் நிறையத் தேங்காய். நன்றாக இல்லாவிட்டால் இன்னும் நிறைய. உங்கள் மாமாவை மலையடியில் விட்டுவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்." மலையடியில் இறங்கிப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. எதற்காக வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்று சைகையில் கேட்டார். என் தலையைத் தொட்டுக் காட்டினேன். முடி கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி எனக்காக அவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

படிகளை எண்ண ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மேலே கடலும் கட்டடங்களும் தெரிந்தன. சன்னதியில் முருகன் பெரிய அலங்காரத்தில் இருந்தார். பெரிய மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வந்த விஷயத்தைச் சொல்லாமலேயே திருநீறு பூசிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை எல்லோரும் போனோம். அக்கா, நான், தினேஷ். தினேஷ் சொல்லாமல் ஜெசிந்தாவையும் மலையடிக்கு வரச் சொல்லியிருந்தான். அவள் தள்ளி ஒரு மரத்தடியில் நின்றாள். அக்கா அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள்.

முடி இறக்குகிறவர் மன்னார்குடிப் பக்கம். என் தலையில் தண்ணீர் தெளித்தவர், "அண்ணே, இதுக்குக் கத்தி எதுக்கு? ஈரத் துண்டால அழுத்தித் தொடச்சாலே வந்துரும் போலிருக்கே" என்றார். பக்கத்தில் குழந்தைக்கு மொட்டை போட வந்திருந்த குடும்பம் முழுதும் சிரித்தது. பத்து இழுப்பில் முடிந்துவிட்டது. தரையில் ஒரு கைப்பிடி விழுந்திருந்தது, பாதி நரை. சுருட்டை என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

அக்கா குனிந்து அதையே பார்த்தாள். "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதாங்க்கா. வேண்டுதல் நிறைஞ்சிருச்சு" என்றார் முடி இறக்குகிறவர்.

"முடிஞ்சுதுமா. வாங்க, மேல போலாம்" என்றான் தினேஷ். அவள் நகரவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாணிக்கம், இங்க வாடா" என்றாள். போனேன். எனக்கு மட்டும் கேட்கும்படிதான் ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் உயர்ந்து எல்லோருக்கும் கேட்டது. "அன்னிக்கு மொதல்ல என் முடியத்தான்டா சொன்னேன். 'என் முடிய எறக்குறேன் முருகா'ன்னு வாயில வந்துருச்சு. சொல்லி முடிக்கல, கை தானா கொண்டைக்குப் போச்சு. ஒங்கத்தான் நெனப்பு வந்துச்சு. அந்த மனுசன் என்ன சொல்வாரோன்னு இருந்துச்சு. அந்த நிமிசமே மாத்திட்டேன். ஒன் பேரச் சொல்லிட்டேன். புள்ள சாகக் கெடக்குறான், நான் கொண்டையப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

 குழந்தையின் குடும்பமும் சிரிப்பை நிறுத்தியிருந்தது.

"ரெண்டு பேச்சும் முருகன் காதுல விழுந்திருக்கும்ல? இவன் முடி கொட்டிப் போனதுல எனக்கு என்ன ஆச்சரியம்?" என்றாள். இத்தனை வருடமாக என் தலையைத் தடவித் தடவி நான் தண்ணீரையும் சோப்பையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

அக்கா எழுந்து போய் நான் உட்கார்ந்திருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "தம்பி, எனக்கும்" என்றாள்.

"பூமுடியாக்கா? மூணு கீத்து எடுத்துரலாம்."

"முழுசா."

அப்போதுதான் நவீன காலத்து மனிதனான என் மருமகனுக்கு உயிர் வந்தது. "மா, வெளையாடாதீங்கமா. ரெண்டு மாசத்துல கல்யாணம். போட்டோல்லாம் என்ன ஆவுறது? பூமுடி போதும்மா, சாமி ஏத்துக்கும்மா" என்று கெஞ்சினான். சாமிக்கு முடி எதற்கு என்று கேட்டவனுக்கு எவ்வளவு முடி போதும் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. கல்யாணம் உண்டு என்பதை அம்மாவின் சம்மதத்துக்குக் காத்திராமல் அவனே அறிவித்ததையும் அவன் கவனிக்கவில்லை.

அக்கா கவனித்தாள். மறுக்கவில்லை. கொண்டையிலிருந்து மல்லிகையை எடுத்தாள். ஊசிகளை எடுக்கப் போனாள். ஒன்று கீழே விழுந்தது. மரத்தடியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். விழுந்த ஊசியை எடுத்தாள்.

"நான் எடுக்கவா ஆன்ட்டி?" என்றாள்.

அக்கா தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு ஊசியாக எடுத்துத் தன் கைக்குட்டையில் வைத்தாள். கடைசி ஊசி வந்ததும் அவ்வளவு முடியும் அவள் கையில் விழுந்தது. தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கனமா இருக்கு ஆன்ட்டி" என்றாள். "ஆமா" என்றாள் அக்கா. ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

முடி இறக்குகிறவர் இந்த முறை வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. புதிதாக ஒரு பிளேடு மாட்டிக்கொண்டார்.

சந்தனம் பூசிய இரண்டு தலைகள் மலையேறின. வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சன்னதியில் அக்கா நீண்ட நேரம் நின்றாள்; நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டேன். இறங்கியதும் தினேஷிடம், "சவரிமுத்து அண்ணன வீட்டுக்கு வரச் சொல்லு. நாள் குறிக்கணும்ல" என்றாள். அன்று மாலை எனக்கு மீன்தலைக் குழம்பு கிடைத்தது. அதுவரை தின்ற பருப்பையும் கீரையையும் அந்தக் குழம்பு மன்னிக்கச் செய்தது.

ஆறாம் நாள் தினேஷ் எங்களை ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு அழைத்துப் போனான். இரண்டு மாதத்தில் முடி வளராது, கல்யாண போட்டோவுக்கு டோப்பா வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருந்தான். அக்கா முதலில் திட்டினாள். பிறகு ஒன்றை வைத்துப் பார்த்தாள். இன்னொன்றை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது அவளுக்குப் பொருந்திவிட்டது. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கடைக்காரச் சீனப் பெண் டப்பாவைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொன்னாள். "அசல் முடியாம் மாமா. இந்தியாவுல கோயில்ல குடுக்கிற முடியாம். அதான் முதல் தரமாம்" என்றான் தினேஷ்.

அக்கா ஒரு நிமிடம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன். "இதையே போடுங்க" என்றாள்.

ஏழாம் நாள் ஊருக்கு வந்துவிட்டேன். கல்யாணப் படம் போன வாரம் போனில் வந்தது. தேவாலயத்தில் முன்வரிசையில் அக்கா பட்டுப்புடவையோடு நிற்கிறாள். பக்கத்தில் சவரிமுத்து, சாயம் புதிதாக. அக்காவின் முடி கருப்பாக, அடர்த்தியாக, ஒரு வளைவு கூடக் கலையாமல் இருக்கிறது. எந்த ஊர்க்காரியோ, எந்தச் சாமிக்கோ, எந்தப் பிள்ளை கண் திறக்க வேண்டுமென்றோ கொடுத்த முடி அது. அவளைக் கேட்டுத்தான் நேர்ந்தார்களா என்பது மட்டும் டப்பாவில் எழுதவில்லை.